புகாரில் ஒரு பழைய கார்: புறத்தோற்றமும் உள்ளிருக்கும் பரலும்

சிலப்பதிகாரத்தைக் கற்பின் கதையாகப் படித்தவர்கள் உண்டு. ஊழின் கதையாக, அரசியல் பிழைத்தவனின் கதையாகப் படித்தவர்களும் உண்டு. அந்தக் காப்பியத்தின் நடுவில் ஒரு பழைய பொருள் விற்பனை இருக்கிறது என்பதை நாம் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. புகாரில் பிறந்த வணிகன் ஒருவன், கைப்பொருள் எல்லாம் தீர்ந்தபின், மனைவி அணிந்து கழற்றிய சிலம்புகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு அயலூர் போகிறான். முன்பின் அறியாத பொற்கொல்லனிடம் அதைக் காட்டுகிறான். வாங்குபவனுக்குத் தெரிந்தது விற்பவனுக்குத் தெரியவில்லை. விற்பவன் உண்மையானவன் என்பதை ஊருக்குச் சொல்ல அங்கே ஆளில்லை. பார்வைக்கு அரசியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் ஒன்றுபோலவே இருந்தன. உடைத்த பிறகுதான் ஒன்றின் பரல் முத்து, மற்றொன்றின் பரல் மாணிக்கம் என்பது தெரிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

இந்தச் சிந்தனை எங்களுக்கு ஏதோ ஓர் இலக்கியக் கூட்டத்தில் தோன்றியதல்ல. பூம்புகார்க் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி, ஒரு மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் நின்ற 1966ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் முன்னால் நின்றபோது தோன்றியது. எங்கள் வாசகர் வட்டத்தில் நால்வர் சேர்ந்து பழைய தோற்றம் கொண்ட சிறிய கார் ஒன்றை வாங்குவதென்று முடிவு செய்திருந்தோம். ஏன் என்று கேட்டவர்களுக்கு அப்போது எங்களால் சரியாக விடை சொல்ல முடியவில்லை. இக்கட்டுரையை அந்த விடைக்கான தேடல் என்று கொள்ளலாம்.

புதிய உடலில் பழைய முகம்

பழைய வடிவத்தின் மீதான ஏக்கத்தைத் தொழிற்சாலையிலேயே வார்த்து விற்கலாம் என்பதை முதலில் தெளிவாகக் கண்டுகொண்டவர்கள் ஜப்பானியர்கள் எனலாம். நிஸ்ஸான் நிறுவனம் 1987இல் ‘பி-1’ என்ற சிறு காரை வெளியிட்டது. 1989இல் ‘பாவ்’, 1991இல் ‘ஃபிகாரோ’ ஆகியவை தொடர்ந்தன. ஃபிகாரோவின் உள்ளே இருந்தது அந்நிறுவனத்தின் சாதாரணச் சிறு காரான மார்ச். வெளியே 1950களின் வளைவுகளும் வெள்ளைநிற இருக்கைகளும். நான்கு பருவங்களைக் குறிக்கும் நான்கு வண்ணங்கள். ஏறத்தாழ 20,000 கார்களே செய்யப்பட்டன. கேட்டவர்கள் அதிகமாக இருந்ததால் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். ஜப்பானுக்கு வெளியே அது புதிதாக விற்கப்படவே இல்லை. ஆயினும் பிரிட்டனில் பழைய வண்டியாக இறக்குமதியாகித் தனிக்கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டது. ஒரு நாட்டில் பிறக்கும்போதே ‘பழைய கார்’ என்ற தகுதியோடு நுழைந்த வண்டி அது.

பின்னர் ஐரோப்பியர்களும் இந்த வழிக்கு வந்தார்கள். 1998இல் ஃபோக்ஸ்வாகன் ‘நியூ பீட்டில்’ விற்பனைக்கு வந்தது. பழைய பீட்டிலின் எஞ்சின் பின்புறம் இருந்தது, காற்றால் குளிர்ந்தது. புதியதன் எஞ்சின் முன்புறம், நீரால் குளிர்வது. அடிப்படை கோல்ஃப் காருடையது. முகம் மட்டுமே மூதாதையுடையது. 1959இல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மினி 2000ஆம் ஆண்டு வரை உற்பத்தியாகி நின்றது; அடுத்த ஆண்டே பி.எம்.டபிள்யூ. அதே பெயரில், அதே முகச்சாயலில், பருத்த உடலோடு இன்னொன்றைக் கொண்டுவந்தது. டான்டே ஜியாகோசாவின் 1957ஆம் ஆண்டு ஃபியட் 500 சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2007 ஜூலையில் மறுபிறவி எடுத்தது. இவற்றில் ஃபியட் 500 2008இலும், பீட்டில் 2009இலும், மினி 2012இலும் இந்தியாவுக்கு வந்தன. சிறு கார்தான் என்றாலும் விலை பெரிது. தஞ்சைச் சீமைச் சாலைகளில் அவற்றைப் பார்த்தவர்கள் அரிது.

ஆனால் நமக்கு இந்த ஏக்கத்தை இறக்குமதி செய்யத் தேவையும் இல்லை. ஏனெனில் உலகம் வடிவத்தை மாற்றிக்கொண்டே போன அரை நூற்றாண்டில் நாம் பழைய வடிவத்தை விடாமல் வைத்திருந்தோம். விரும்பி அல்ல, வேறு வழியின்றி.

சென்னையில் பிறந்த கார்

விடுதலைக்குப் பின் இந்தியாவில் கார் செய்ய முனைந்தவர்கள் சிலரே. பி.எம். பிர்லா 1942இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பின்னாளில் வங்காளத்தின் உத்தர்பாராவில் நிலைகொண்டது. வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பம்பாயின் குர்லாவில் இருந்தது. மூன்றாவது நம்முடையது. ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம், இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1940களின் இறுதியில் உருவாகி, சென்னையின் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியில் ஆலை அமைத்தது.

1953இல் தீர்வை ஆணையம் ஒரு பரிந்துரையை அளித்தது. வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பவர்களுக்கு இனி இடமில்லை, படிப்படியாக இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் வைத்திருப்பவர்களே தொழிலில் நீடிக்கலாம் என்பது அதன் சாரம். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. எஞ்சியவை பெரும்பாலும் மூன்று முகங்கள்: அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்ட். நம் தந்தையர் தலைமுறைக்குக் கார் என்றால் இம்மூன்றில் ஒன்றே.

ஸ்டாண்டர்ட் நிறுவனம் முதலில் வான்கார்டு, பின்னர் ஸ்டாண்டர்ட் டென் முதலியவற்றைச் செய்தது. 1961இல் ஹெரால்டு வந்தது. 1959 ஏப்ரலில் இங்கிலாந்தில் ‘ட்ரையம்ஃப் ஹெரால்டு’ என்ற பெயரில் வெளிவந்த அதே கார். அதன் கோடுகளை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலாட்டி. எஞ்சின் 948 சி.சி.

அந்தக் காலத்துப் பிற சிறு கார்கள் உடலும் சட்டகமும் ஒன்றான வார்ப்பாக மாறிக்கொண்டிருந்தபோது ஹெரால்டு மட்டும் தனிச் சாசியின் மேல் தனித்தனித் தகடுகளைப் போல்ட் போட்டு முறுக்கிய வண்டியாக வந்தது. இதற்கு அழகியல் காரணம் எதுவுமில்லை. முழு உடலையும் வார்த்துத் தந்துவந்த நிறுவனத்தைப் போட்டியாளர் வாங்கிவிட்டதால், சிறு சிறு துண்டுகளாக வெவ்வேறு இடங்களில் செய்து பூட்ட வேண்டிய கட்டாயம் அங்கே ஏற்பட்டது. இங்கிலாந்தில் பழைய பாணியாகத் தோன்றிய அமைப்பு நம் ஊருக்குப் பொருத்தமாக அமைந்தது. மடங்கிய தகட்டை மட்டும் கழற்றித் தட்டி மாட்டலாம். முன்புறத்து மூக்கு முழுவதும், பானட்டும் மட்கார்டும் சேர்ந்து, முன்னோக்கிக் கவிழும். எஞ்சினை மூன்று பக்கமும் நின்று பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். இலண்டன் டாக்சிக்கு இணையான திருப்பம் என்று விளம்பரம் செய்தார்கள். ஒருபுறம் வாய்க்கால், மறுபுறம் நடவு வயல், நடுவில் ஒற்றைச் சாலை என்றிருக்கும் காவிரிக் கழிமுகத்தில் அந்த 25 அடியின் அருமையை வண்டி ஓட்டியவர்கள் அறிவார்கள்.

1960களின் இறுதியில் சென்னை ஆலை ஹெரால்டுக்கு நான்கு கதவுகள் வைத்தது. உலகில் வேறெங்கும் நான்கு கதவு ஹெரால்டு இல்லை. இங்கிலாந்தில் 1971இல் அந்தக் கார் நின்றுபோக, இங்கே 1972இல் பின்புறத்தை மாற்றி ‘கஸெல்’ என்ற பெயரில் 1977 வரை தொடர்ந்தார்கள். அதன்பின் சில ஆண்டுகள் கார் உற்பத்தியே இல்லை. 1985இல் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்ற பெரிய கார் வந்தது. பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 காருடைய நவீன உடல். அதன் உள்ளேயோ உலகப் போர் முடிந்த காலத்து வான்கார்டு எஞ்சினின் வழிவந்த இரண்டு லிட்டர் எஞ்சின். ஃபிகாரோ புதிய உயிரின்மேல் பழைய தோலைப் போர்த்தியது என்றால், இது பழைய உயிரின்மேல் புதிய தோலைப் போர்த்தியது. தோலை நம்பிப் பெரும்பணம் கொடுத்தவர்கள் ஏமாந்தார்கள். 1988இல் ஆலை மூடப்பட்டது.

ஆலை மூடப்பட்ட செய்தியைத் தொழில் வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடும். கிராமத்தில் ஹெரால்டு வைத்திருந்தவருக்கு அந்த ஒரு வரியின் பொருள் வேறு. பிஸ்டன் கிடைக்காது, கியர்ப் பல் கிடைக்காது. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அலைந்து, இறந்த வண்டி ஒன்றின் உறுப்பை எடுத்து உயிரோடிருக்கும் வண்டிக்கு வைக்க வேண்டும்.

வரிசையும் இரண்டாம் கையும்

அந்நாளில் புதிய கார் வாங்குவதென்றால் பணம் மட்டும் போதாது. 1959ஆம் ஆண்டின் மோட்டார் கார் விநியோகக் கட்டுப்பாட்டு ஆணையின்படி பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். குறிப்பாக ஃபியட்டுக்குப் பல ஆண்டுகள் வரிசை. 1969 முதல் அரசு விலையையும் கட்டுப்படுத்தியது. உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். பின்னர் தீர்ப்பு வந்தது. வரிசை நீளமாகவும் விலை அடக்கியும் வைக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதை விளக்கப் பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை. ஓடிய கார் ஓடாத காரைவிட அதிக விலைக்குப் போயிற்று. நல்ல நிலையிலிருந்த பழைய வண்டி அன்றைக்கு ஏக்கத்தின் பொருளாக இருக்கவில்லை. காத்திருக்க முடியாதவர்களின் அவசியமாக இருந்தது.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவி வாங்கியவர் கையில் கொடுக்கப்பட்டபோது இந்த உலகம் முடிவுக்கு வரத் தொடங்கியது. 796 சி.சி. எஞ்சினோடு வந்த அந்தச் சிறு கார் மூன்று முகங்களையும் ஒரே இரவில் முதியவர்களாக்கியது. பத்மினி 2001 வரையும், அம்பாசிடர் 2014 வரையும் தாக்குப்பிடித்தன. ஹெரால்டுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவசியமாக இருந்தது பழங்கதையான பிறகுதான் அது அழகாகத் தோன்றத் தொடங்கியது. பழமையின் அழகு எப்போதும் அப்படித்தான் வருகிறது போலும்.

பொதியின் மேல் எழுதிய பெயர்

1970இல் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை அது. பழுதை மறைத்து விற்கப்படும் காரை அமெரிக்கர்கள் ‘எலுமிச்சை’ என்பார்கள். கட்டுரையின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருந்தது. அவர் சொன்னது எளியது. காரின் உண்மை நிலை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் எந்தக் காருக்கும் நடுத்தர விலையே சொல்வான். நல்ல கார் வைத்திருப்பவன் அந்த விலைக்குத் தர மனமின்றிச் சந்தையை விட்டு விலகுவான். எஞ்சுவது பழுதானவை. அது தெரிந்ததும் விலை இன்னும் இறங்கும், சுமாரானவையும் விலகும். நம்பிக்கை இல்லாத இடத்தில் கெட்ட பொருள் நல்ல பொருளைத் துரத்திவிடும். இந்தச் சிந்தனைக்காக அவருக்கு 2001இல், மேலும் இருவரோடு சேர்த்து, நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதைப் படிக்கும்போது புகார் வணிகர்கள் நினைவுக்கு வராமல் இருப்பார்களா? கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் அந்த நகரின் செல்வத்தை அடுக்கிக்கொண்டே போகிறார். கடல்வழி வந்த குதிரைகள், நிலவழி வந்த மிளகு மூட்டைகள், ஈழத்துப் பொருள், கடாரத்துப் பொருள், சுங்கம் கொள்வோர் இட்ட புலி முத்திரை. ஆனால் அவர் நின்று பாராட்டுவது வேறொன்றை. வாங்கும்போது கூடுதலாக வாங்காமலும், விற்கும்போது குறைத்துக் கொடுக்காமலும், தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாக மதித்து, விலையைச் சொல்லி விற்ற வணிகர்களின் நடுவுநிலையை. சிலப்பதிகாரமும் புகாரின் ஐந்து மன்றங்களைச் சொல்லும்போது வெள்ளிடை மன்றத்தை முதலில் வைக்கிறது. அங்கே பொதிகள் காவலின்றிக் கிடக்கும். ஒவ்வொன்றின் மேலும் உரியவர் பெயரும் எண்ணும் எழுதப்பட்டிருக்கும்.

இதைக் கவிஞரின் கற்பனை என்று ஒதுக்குவோர் இருக்கலாம். எங்களுக்கு இது நடைமுறை ஞானமாகவே தோன்றுகிறது. தொலைதூரத்திலிருந்து மொழி தெரியாதவன் வந்து வாங்க வேண்டுமானால் பொதியின் மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த பருவக்காற்றில் கப்பல் வேறு துறைக்குப் போகும். நாணயம் என்ற ஒரே சொல்லால் காசையும் நேர்மையையும் நம் மொழி குறிப்பது வெறும் தற்செயல் அல்ல. அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன்தான் கோவலன். பொருளைப் பார்த்து விலை சொல்வார்கள் என்று நம்பி அவன் இன்னோர் ஊரில் சிலம்பை எடுத்துக் காட்டினான். அவனுடைய பிழை அறியாமை மட்டுமல்ல, ஊர்ப் பழக்கமும்தான்.

கொட்டகையில்

இனி அந்த மாட்டுக்கொட்டகைக்கு வருவோம்.

கார் உரியவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருக்கும். அவருடைய தந்தையார் சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு வைத்தியம் பார்த்தவர். 1974இல் சென்னையிலிருந்து இரண்டாம் கையாக இதை வாங்கியிருக்கிறார். இரவில் பிரசவத்துக்குப் போன வண்டி என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். இளநீல நிறம். கடற்காற்று தன் வேலையைச் செய்திருந்தது. எங்களோடு வந்திருந்த மெக்கானிக் சட்டைப்பையில் ஒரு காந்தத் துண்டு வைத்திருந்தார். கதவுக்குக் கீழே அதை ஒட்டிப் பார்த்தார், ஒட்டவில்லை, விழுந்தது. உள்ளே தகரம் இல்லை, பட்டிதான். சாசியின் பக்கக் கைகளைக் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நிமிர்ந்தார்.

மூக்கைக் கவிழ்க்கக் கை வைத்தபோது பெரியவர் தடுத்தார்.

“தம்பி, தூக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். உள்ள கெடக்கறது இதோட எஞ்சின் இல்ல. ஆம்னி வேன் எஞ்சின். தொண்ணூத்தி நாலுல மாத்துனது. புக்குல ஏத்தல.”

“ஏன் ஐயா மாத்தினீங்க?”

“கம்பெனியை மூடிட்டானே தம்பி. சாமான் கெடைக்கல. அப்பாவுக்கு இதை விட்டா வேற வண்டியில ஏற மனசு வல்ல. அதுக்காவ மாத்துனேன்.”

மூக்கைத் திறந்தோம். மாருதியின் சிறு எஞ்சின், பெரிய சட்டைக்குள் சிறு பையனைப் போல நின்றது. ஃபிகாரோவையும் நியூ பீட்டிலையும் பற்றிப் பேசிக்கொண்டே வந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பழைய முகமும் புதிய எஞ்சினும் கொண்ட காரைத் தேடித்தானே வந்தோம்! நிஸ்ஸான் ஏக்கத்தால் செய்ததை இந்தக் கிராமத்தில் ஒரு மகன் இல்லாமையால் செய்திருந்தார்.

ஆனால் சட்டத்தின் கண்ணில் இது வேறு. பதிவுப் புத்தகத்தில் ஓர் எஞ்சின் எண். வண்டியில் வேறொரு எஞ்சின். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இத்தகைய மாற்றத்தை ஏற்காது. 15 ஆண்டுகள் கழிந்த காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எண் பொருந்தாத காரணத்தால் இவர் அந்தப் பக்கமே போகவில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு ‘விண்டேஜ்’ வாகனங்களுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத வண்டிகளுக்குத் தனிப் பதிவெண், பதிவுக்கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். கண்காட்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு போன்றவற்றுக்கே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஆகாது. இந்த வண்டிக்கு வயது இருந்தது. தடையாக நின்றது இன்னொரு நிபந்தனை: சாசியிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றமின்றி மூல வடிவிலேயே இருக்க வேண்டும். ஆக, புதுமையான வண்டியாகவும் இதை ஓட்ட முடியாது, பழமையான வண்டியாகவும் பதிய முடியாது.

இதையெல்லாம் சொன்னபோது பெரியவருக்குப் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. இதற்கு முன்பு ஒருவர் வந்து பார்த்துவிட்டு, அவர் கேட்டதைவிட அதிகமாகவே தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். கல்யாணப் புகைப்படம் எடுக்கும் தோட்டமொன்றில் அலங்காரமாக நிறுத்துவதற்கு. எஞ்சின் வேண்டாம், கூரையை அறுத்துவிட்டு உள்ளே பூச்செடி வைக்கலாம் என்றாராம். “அறுக்கறதுக்கு நான் தரல தம்பி” என்றார் பெரியவர். குரலில் கோபம்கூட இல்லை.

பின்னர் எங்களைக் கொட்டகையின் கோடிக்கு அழைத்துப் போனார். வைக்கோலுக்கும் உடைந்த ஏருக்கும் நடுவே தார்ப்பாய் போர்த்திய ஒரு மூட்டை. கயிற்றை அவிழ்த்தார். உள்ளே இரும்புப் பாளமாக ஓர் எஞ்சின். முப்பது ஆண்டுகளாகக் கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றி வைத்திருந்தது. மெக்கானிக் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் பக்கவாட்டில் தேய்த்தார். அழுக்குக்கு அடியிலிருந்து எண் ஒவ்வோர் இலக்கமாக எழுந்து வந்தது. பெரியவர் பதிவுப் புத்தகத்தைக் கையில் விரித்துப் பிடித்திருந்தார். எங்களில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் சரிபார்த்தார். கடைசி இலக்கம் வரை பொருந்தியது.

பொதியின் மேல் எழுதியிருந்ததும் உள்ளே இருந்ததும் ஒன்றே.

எழுநிலை மாடத்தின் நிழலில்

அன்று மாலை கடற்கரைக்குப் போனோம். சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் அதைச் சோழர் காலத்ததென்று நினைத்துவிடுவது உண்டு. உண்மையில் அது 1973இல், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, வை. கணபதி ஸ்தபதி போன்றோரின் கைவண்ணத்தில் எழுந்தது. ஏழு நிலை மாடம்; உள்ளே சிலம்பின் கதையைச் சொல்லும் 49 சிற்பக் காட்சிகள். அருகே காப்பியத்தின் பெயர்களோடு மன்றங்கள். கஸெல் கார் சென்னையில் ஓடிக்கொண்டிருந்த ஆண்டுகளில் பிறந்த பழமை இது.

மெய்யான பழமை கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. 1960களில் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. அதில் படகு கட்ட நட்ட மரத்தூண்களின் அடிகள் கிடைத்தன. அவற்றின் காலம் பொது ஆண்டுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியது என்று கணித்தார்கள். பல்லவனேசுவரத்தில் பௌத்த விகாரத்தின் அடித்தளம். 1980கள் முதல் கடலுக்கடியிலும் தேடினார்கள். கலைக்கூடத்துக்கு வருபவர்களில் மிகச் சிலரே கீழையூருக்குப் போகிறார்கள். உளுத்துப்போன கட்டையைப் பார்க்க யார் போவார்கள்?

அப்படியானால் கலைக்கூடம் பொய்யா? எங்களுக்குள் வெகுநேரம் விவாதம் நடந்தது. பொய்யில்லை என்பதே இறுதியில் வந்து சேர்ந்த கருத்து. அது தன்னை 1973இல் கட்டியதென்று மறைக்கவில்லை. இல்லாமற்போன நகரத்தின் முகத்தை நினைவிலிருந்து வரைந்து, நாங்கள் நினைத்துக்கொண்டது இப்படி என்று சொல்கிறது. பழைய தோற்றம் கொண்ட புதிய பொருளில் குற்றமேதும் இல்லை. தன்னுள் இருப்பது என்ன என்று கேட்டவருக்கு அது உண்மையைச் சொன்னால் போதும். ஃபிகாரோவும் அப்படியே, யாரும் அதை 1950இல் செய்ததென்று விற்கவில்லை. ஸ்டாண்டர்ட் 2000 சறுக்கியது பழைய எஞ்சினால் அல்ல. புதியது என்று நம்பவைத்ததால். சிலம்புகளும் ஒன்றுபோல் இருந்ததில் குற்றமில்லை. உடைத்துப் பார்க்கும் முன் தீர்ப்பு எழுதியதே குற்றம்.

ஏன் பழைய கார் வாங்கப் போனீர்கள் என்ற கேள்விக்கு இப்போது ஓரளவு விடை சொல்லலாம். வளைந்த தகட்டுக்காகவும் குரோமியப் பளபளப்புக்காகவும் என்றுதான் கிளம்பினோம். அழகு உண்மையாகவே அங்கே இருந்தது. ஆனால் எங்களை நிறுத்தியது பெரியவர் மூக்கைத் தூக்கும் முன் சொன்ன அந்த ஒரு வாக்கியம். ஆக்கர்லாஃபின் கணக்கின்படி அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லாதிருந்தால் எங்களுக்கு வாரக்கணக்கில் தெரிந்திருக்காது, விலையும் குறைந்திருக்காது. அந்தக் கணக்குக்குள் அடங்காத ஒன்று இன்னும் அந்த மண்ணில் மிச்சமிருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்ச்சி என்று பெருமை பேச நாங்கள் துணியமாட்டோம். ஒரு மனிதர் அப்படி நடந்துகொண்டார், அவ்வளவே. எந்தக் காலத்திலும் அப்படிச் சிலர் இருந்திருக்க வேண்டும். அவர்களைப் பார்த்துத்தான் பட்டினப்பாலையின் புலவர் எழுதியிருக்க வேண்டும்.

காரை வாங்கினோம். தார்ப்பாயில் சுற்றியிருந்ததற்குத் தனி விலை சொல்லப் பெரியவர் மறுத்துவிட்டார். “அது வண்டியோட சேர்ந்தது, தம்பி” என்றார். லாரியில் ஏற்றியபோது கார் முன்னாலும் எஞ்சின் பின்னாலும், சாக்கைப் போர்த்திக்கொண்டு மயிலாடுதுறைச் சாலையில் போயின. இப்போது எஞ்சின் மெக்கானிக்கின் மேசைமேல் பிரிந்து கிடக்கிறது. நான்கில் ஒரு பிஸ்டன் இறுகிவிட்டது. புதுப்பேட்டையில் சொல்லி வைத்திருக்கிறோம்.